சிறிய பெடல்போர்டுக்கு எந்த வால்யூம் பெடல்?

சிறிய பெடல்போர்டு (ஒலியை மாற்றும் மிதிகருவிகளை அடுக்கிவைக்கும் பலகை) வைத்திருக்கும் எலெக்ட்ரிக் கிட்டார் கலைஞர் ஒருவர், ஒலி அளவைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் வாங்க முற்படும்போது, விலைக்கும் முன்னால் வந்து நிற்கும் சிக்கல் நீளம்தான். பரவலாகப் புழங்கும் பெடல்ட்ரெயின் நானோ பிளஸ் பலகை 18 அங்குல நீளமும் 5 அங்குல அகலமும் கொண்டது. அதாவது முன்பின்னாக அதில் கிடைப்பது 12.7 செ.மீ. மட்டுமே. மெட்ரோ 16 என்ற பலகையில் முன்பின் அளவு 8 அங்குலம், ஏறத்தாழ 20 செ.மீ. எர்னி பால் நிறுவனத்தின் விபி ஜூனியர், பெயரில் 'ஜூனியர்' என்று இருந்தாலும், சுமார் 25 செ.மீ. நீளமுள்ளது. பாஸ் நிறுவனத்தின் எஃப்வி-30 வகை 20 செ.மீ.க்கு அருகில் வரும். டன்லப்பின் வால்யூம் எக்ஸ் மினி ஏறக்குறைய 15 செ.மீ. ஆகவே நானோ பிளஸ் பலகையில் இம்மூன்றில் எதுவுமே முழுமையாக உட்காராது. மெட்ரோ 16 பலகையில் டன்லப் தாராளமாகவும், பாஸ் விளிம்பைத் தொட்டுக்கொண்டும் அமரும். எர்னி பால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மற்ற பெடல்களைப் போல வால்யூம் பெடலைக் குறுக்காகத் திருப்பி வைக்கவும் முடியாது, ஏனென்றால் பாதம் அதன்மேல் நேராகப் படிந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் இருப்பதிலேயே சிறியதை வாங்கிவிடலாம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகிறார்கள். அது சில வேலைகளுக்குச் சரியான முடிவு; வேறு சில வேலைகளுக்கு வீண்செலவு. பெடலைக் கொண்டு என்ன செய்யப் போகிறோம், பெடல் வரிசையில் அதை எந்த இடத்தில் வைக்கப் போகிறோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகுதான் நீளத்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் உண்டு. நிறுவனத்தின் பெயர் அதற்கும் பிறகு வர வேண்டியது.

வால்யூம் பெடலின் பழைய உலகம் பெடல் ஸ்டீல் கிட்டார். அதை வாசிப்பவர் உட்கார்ந்துகொண்டு வலது காலை எப்போதும் வால்யூம் பெடலின்மேலேயே வைத்திருப்பார். தந்தியின் ஒலி தேயத் தேயப் பெடலை மெல்ல முன்னால் அழுத்தி, சுரத்தை நீளச் செய்வார். அங்கே பெடல் இசைக்கருவியின் ஓர் உறுப்பு. நின்றுகொண்டு வாசிக்கும் கிட்டார் கலைஞருக்குப் பெரும்பாலும் வேலை வேறு. தந்தியை மீட்டும் ஓசை கேட்காதபடி பெடலை மூடிவைத்து, மீட்டியபின் திறந்து, வயலின் வில் போட்டதுபோல் சுரம் எழும்படி செய்வது ஒன்று. இதை ஸ்வெல் என்பார்கள். எதிரொலி தரும் டிலேயும், பெரிய கூடத்தில் ஒலிப்பதுபோன்ற முழக்கம் தரும் ரிவெர்பும் சேர்ந்த நீண்ட ஸ்வெல்கள் இன்று தேவாலய ஆராதனைக் குழுக்களில் வாசிப்பவர்களின் அன்றாடத் தேவை, தமிழ்நாட்டிலும் அப்படியே. பாடகர் பாடும்போது ஒலியைச் சற்றுத் தணித்து, இடையிசை வரும்போது உயர்த்துவது இன்னொன்று. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஒலியை முழுதாக அடைத்துவிட்டுச் சுருதி சேர்ப்பது மூன்றாவது.

இந்த இரண்டாவது தேவை மட்டுமே உடையவர்கள், அதாவது இரண்டே ஒலி அளவுகளுக்கு இடையே மாறினால் போதும் என்பவர்கள், வால்யூம் பெடலே வாங்காமல் டிசி எலெக்ட்ரானிக் ஸ்பார்க் மினி போன்ற ஒரு சிறிய பூஸ்ட் பெடலை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. ஒரு மிதியில் உயரும், மறு மிதியில் இறங்கும்; ஒவ்வொரு முறையும் அதே அளவு கிடைக்கும். காலால் கணித்து நிறுத்தும் வால்யூம் பெடலில் அந்தத் துல்லியம் கிடைக்காது. இடமும் அதற்கு மூன்று மடங்கு வேண்டும். சுருதி சேர்க்கும்போது ஒலியை அடைப்பது மட்டும்தான் தேவை என்றாலும் வால்யூம் பெடல் வேண்டியதில்லை, ஏனென்றால் பாஸ் டியூ-3 போன்ற மிதி டியூனர்கள் இயங்கும்போது தாமாகவே ஒலியை அடைத்துவிடுகின்றன. ஸ்வெல் வேண்டும், அல்லது அளவை இடைவிடாமல் காலால் ஏற்றி இறக்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் மேற்கொண்டு சொல்லப்போவது பயன்படும்.

வரிசையில் எங்கே வைப்பது

கிட்டாருக்கு அடுத்தபடியாக, ஒலிக்குக் கரகரப்பான முறுக்கேற்றும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் வால்யூம் பெடலை வைத்தால், அது கிட்டாரில் உள்ள வால்யூம் குமிழைப் போலவே நடந்துகொள்ளும்: ஒலி குறையும்போது டிரைவின் முறுக்கும் குறைந்து, கரகரப்பு தெளிந்துவிடும். ஓவர்டிரைவுக்குப் பின்னால், டிலேக்கு முன்னால் வைத்தால் முறுக்கு மாறாமல் ஒலி அளவு மட்டும் மாறும். பெடலை மூடிய பிறகும் டிலேயின் எதிரொலி தொடர்ந்து ஒலித்துத் தானே அடங்கும். வரிசையின் கடைசியில் வைத்தால் எதிரொலி உட்பட எல்லாம் ஒன்றாக அடங்கும். ஸ்வெல் வாசிப்பவர்களுக்கு நடு இடமே ஏற்றது. ஓவர்டிரைவ் எழுப்பும் இரைச்சலும் பெடலை மூடும்போது சேர்ந்து அடங்குவது அந்த இடத்தின் கூடுதல் ஆதாயம்.

இடத்தைத் தீர்மானித்தவுடன் இம்பீடன்ஸ் (மாறும் மின்சைகைக்கு ஒரு கருவி காட்டும் தடை) என்ற கேள்வி வந்துவிடுகிறது. வால்யூம் பெடல்களில் மிகுதியான மனக்குறைகளுக்குக் காரணம் இதுதான்; ஆனால் பழி பெடலின் மேல் விழுகிறது. மின்சாரம் தேவைப்படாத பாஸிவ் வால்யூம் பெடல் என்பது உள்ளே ஒரு பொட்டென்ஷியோமீட்டரும் (சுழற்றினால் மதிப்பு மாறும் மின்தடை) அதைச் சுழற்றும் ஒரு பொறியமைப்பும் மட்டுமே. அந்தப் பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பு பெரும்பாலும் 250 கிலோ ஓம் ஆகவோ 25 கிலோ ஓம் ஆகவோ இருக்கும். எர்னி பால் விபி ஜூனியர் இந்த இரண்டு மதிப்புகளிலும் தனித்தனியாக விற்கப்படுகிறது. பாஸ் நிறுவனம் இதையே எஃப்வி-30ஹெச், எஃப்வி-30எல் என்று பிரித்து விற்கிறது. ஹெச் என்பது கிட்டாரை நேரடியாகச் செருகத் தக்க உயர் இம்பீடன்ஸ் வகை, எல் என்பது கீபோர்டுக்கும், பஃபர் (ஒலிச்சைகையை வலுக்குன்றாமல் தாழ் இம்பீடன்ஸாக மாற்றித் தரும் சிறு மின்சுற்று) உள்ள பெடல்களுக்குப் பின்னாலும் பயன்படும் தாழ் இம்பீடன்ஸ் வகை. எல் வகையில் ஸ்டீரியோ இணைப்பும் உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், கடையில் இருப்பு உள்ளதைக் கொடுத்துவிடுவதும் வாங்குபவர் பெற்றுக்கொண்டு வந்துவிடுவதும் எளிதில் நடக்கக்கூடியவை.

தவறான வகையை வாங்கினால் என்ன ஆகும் என்பதை எண்களால் பார்த்துவிடலாம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் பிக்கப்புகளில், சாதாரணமான ஒற்றைச் சுருள் வகை ஒன்றின் தூண்டல் 2.5 ஹென்றி என்று கொண்டால், 5,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அதன் இம்பீடன்ஸ் ஏறத்தாழ 78 கிலோ ஓம் ஆகிறது. இத்தகைய பிக்கப்பை 25 கிலோ ஓம் பெடலில் நேரடியாகச் செருகினால், மேல் அதிர்வெண்களின் பெரும்பகுதி பிக்கப்பின் உள்ளேயே இழக்கப்பட்டுவிடும்; பெடலை முழுவதும் திறந்து வைத்திருந்தாலும் ஒலி மங்கி, தணிந்துதான் வரும். 250 கிலோ ஓம் பெடலிலும் சிறிது இழப்பு உண்டு. ஸ்ட்ராடோகாஸ்டர் வகைக் கிட்டாரின் வால்யூம் குமிழும் 250 கிலோ ஓம் என்பதால், இரண்டும் பக்க இணைப்பாகச் சேர்ந்து 125 கிலோ ஓம் சுமையாகின்றன. இரட்டைச் சுருள் பிக்கப்பான ஹம்பக்கர் உள்ள கிட்டாரில் குமிழ் 500 கிலோ ஓம். பெடல் சேர்ந்ததும் அது சுமார் 167 கிலோ ஓம் ஆகிறது. கூர்ந்து கேட்பவர்களுக்கு இந்த வேறுபாடு கேட்கும். ஆம்பின் ட்ரெபிள் குமிழைச் சற்றுத் திருப்பினால் பெரும்பாலும் ஈடுகட்டிவிடலாம்.

ஈடுகட்ட முடியாத இழப்பு வேறொன்று உண்டு; அது பெடல் பாதி திறந்திருக்கும்போது நேர்வது. ஒலிச்சைகையின் மின்னழுத்தம் பாதியாகும் நிலையில், 250 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் தனக்குப் பின்னால் வரும் கேபிளுக்குத் தன் மதிப்பில் கால் பங்கு, அதாவது 62.5 கிலோ ஓம் தடையாகத் தெரிகிறது. கிட்டார் கேபிளின் மின்தேக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், ஆம்புக்குச் செல்லும் 6 மீட்டர் கேபிள் 600 பிக்கோஃபாரட் ஆகிறது. இரண்டும் சேர்ந்து 4,200 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைத் தேய்க்கத் தொடங்குகின்றன. பெடலைத் திறக்கத் திறக்க ஒலி பெருகுவதோடு பளிச்சென்றும் ஆவதாகவும், பாதியில் நிறுத்தினால் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதாகவும் பலர் சொல்வதற்குக் காரணம் இதுவே. அதே இடத்தில் 25 கிலோ ஓம் பெடல் இருந்தால், தடை 6.25 கிலோ ஓம் மட்டுமே. தேய்மானம் தொடங்கும் எல்லை 42,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடுகிறது, அது செவிக்கு எட்டாத உயரம்.

இதிலிருந்து தெரிவது, 250 கிலோ ஓம் பெடலுக்குப் பின்னால் எவ்வளவு கேபிள் இருக்கிறது என்பதே அதன் குணத்தைத் தீர்மானிக்கிறது என்பதாகும். பெடலுக்கு அடுத்து ஒரு சாண் நீளமுள்ள இணைப்புக் கேபிளும், அதற்கடுத்து எப்போதும் இயங்கும் பஃபர் கொண்ட பெடல் ஒன்றும் இருந்தால் மங்கல் ஏறக்குறைய இருக்காது. ஆனால் பின்னால் உள்ள பெடல்கள் அனைத்தும் ட்ரூ பைபாஸ் (அணைத்தால் பஃபர் எதுவுமின்றிச் சைகையை நேராகக் கடத்தும்) வகையாக இருந்து, அனைத்தும் அணைக்கப்பட்டிருந்தால், வால்யூம் பெடல் அந்த 6 மீட்டர் கேபிளோடு நேரடியாக இணைந்தது போலாகிவிடும். வீட்டில் டிலேயை இயக்கி வாசிக்கும்போது நன்றாக இருந்த பெடல், மேடையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வாசிக்கும்போது மங்குவது இவ்வாறுதான்.

ஆகவே என் பரிந்துரை பெரும்பாலானோருக்கு ஒன்றே: வரிசையின் தொடக்கத்தில் பஃபர் உள்ள டியூனர், அதற்குப் பின் ஓவர்டிரைவ், அதற்குப் பின் தாழ் இம்பீடன்ஸ் வால்யூம் பெடல், கடைசியில் டிலேயும் ரிவெர்பும். பாஸ் டியூ-3 அணைந்திருக்கும்போதும் அதன் பஃபர் இயங்கிக்கொண்டிருப்பதால் தனியாக ஒரு பஃபர் வாங்க வேண்டியதில்லை. கடுமையான கரகரப்பைத் தரும் ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் வைத்திருப்பவர்கள் மட்டும் அதை டியூனருக்கும் முன்னால், கிட்டாரை ஒட்டி வைக்க வேண்டும், ஏனென்றால் அந்த வகைச் சுற்றுகள் முன்னால் பஃபர் வந்தால் தம் இயல்பை இழந்துவிடுகின்றன. மின்கலத்தால் இயங்கும் ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப் உள்ளவர்களுக்கு இம்பீடன்ஸ் பற்றிய கவலை எதுவும் இல்லை. அவற்றின் வெளியீடே தாழ் இம்பீடன்ஸ் என்பதால், 25 கிலோ ஓம் பெடலை எங்கு வேண்டுமானாலும் வைக்கலாம். ஆம்பின் எஃபெக்ட்ஸ் லூப்பில் (ஆம்பின் உட்பாதைக்கு நடுவே பெடல்களை இணைக்கும் துளைகள்) வைப்பவர்களுக்கும் தாழ் வகையே பொருந்தும்.

பெடலிலேயே தரப்படும் டியூனர் வெளியீட்டைப் பற்றி ஒரு சொல். விபி ஜூனியரிலும் வேறு பல பெடல்களிலும் இது உண்டு. பெடலை மூடினாலும் டியூனருக்குச் சைகை போய்க்கொண்டிருக்கும் என்பதால், ஒலி வெளியே கேட்காமல் சுருதி சேர்க்கலாம். வசதிதான். ஆனால் பாஸிவ் பெடலில் அந்த வெளியீடு உள்ளீட்டோடு பக்க இணைப்பாக இருப்பதால், டியூனரும் அதற்குச் செல்லும் கேபிளும் நாள் முழுவதும் பிக்கப்பின்மேல் கூடுதல் சுமையாகத் தொங்கிக்கொண்டிருக்கும். டியூனரை வரிசையின் முதலிலேயே வைத்துவிட்டு அந்த ஓட்டையைக் காலியாக விடுவதே நல்லது.

பாதமும் பயணமும்

நீளத்தின் கேள்விக்கு இப்போது வரலாம். சிறிய பெடலின் குறை அதன் மேற்பரப்பு சிறியதாக இருப்பது மட்டுமன்று. மிதிப்பலகை குட்டையாக இருந்தால், மூடிய நிலைக்கும் திறந்த நிலைக்கும் இடையே கால் விரல் கடக்கும் தூரமும் குறைகிறது. நிசப்தத்திலிருந்து முழு ஒலி வரையுள்ள அத்தனை படிகளும் அந்தக் குறுகிய தூரத்துக்குள் அடைபடுகின்றன. காலணி அணிந்த பாதம் ஏறத்தாழ 28 செ.மீ. நீளம் இருக்கும். 25 செ.மீ. பெடலில் பாதம் ஏறக்குறைய முழுவதும் படியும்; குதிகாலும் முன்பாதமும் மாறிமாறி எடையைத் தாங்க, அச்சு நடுவில் நின்று சுழலும். 15 செ.மீ. பெடலில் ஒன்று குதிகால் தரையில் ஊன்றி முன்பாதம் மட்டும் மிதிக்க வேண்டும், அல்லது பாதத்தின் நடுவை வைத்து இரு பக்கமும் வழிய விட வேண்டும். முதல் முறையில் திறப்பது எளிது, மூடுவதற்கு விரல்களை மேலே தூக்கினால் பெடல் அவற்றோடு சேர்ந்து எழாது. இரண்டாம் முறையில் நிற்பவரின் சமநிலை தடுமாறும். பழகிக்கொள்ளலாம் என்பது உண்மை. பழகிய பிறகும் நான்கு வினாடி எடுத்து மெல்ல எழ வேண்டிய ஸ்வெல், சிறிய பெடலில் இரண்டு வினாடியில் எழுந்துவிடத் துடிக்கும்.

கணுக்காலின் இயல்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். மனிதக் கணுக்கால் பாதத்தைக் கீழ்நோக்கி ஏறத்தாழ 50 பாகை வரை வளைக்கும். மேல்நோக்கி வளைப்பது சுமார் 20 பாகை மட்டுமே. பெடலை மூடும் அசைவு மேல்நோக்கியது. இப்போது பல பெடல்போர்டுகள் பின்புறம் உயர்ந்து சரிவாக அமைந்துள்ளன. சரிவான பலகையின் மேல் வரிசையில் வால்யூம் பெடலை வைத்தால், மூடும் நிலையில் பாதம் இயல்பான எல்லையை நெருங்கிவிடுகிறது. முழுவதும் மூடாமல் ஒலி கசிந்துகொண்டே இருக்கும், அல்லது வாசிப்பவர் ஒவ்வொரு முறையும் பின்னால் சாய வேண்டிவரும். ஆகையால் பெடலை முன் வரிசையின் வலது ஓரத்தில் வைப்பது நல்லது. இடமில்லையென்றால் பலகையை விட்டு இறக்கித் தரையிலேயே வைப்பது அதைவிட நல்லது. தரையில் வைக்கத் துணிந்துவிட்டால் 'சிறியது' என்ற கட்டாயமே போய்விடுகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பையில் கூடுதலாக ஒன்றரைக் கிலோவைச் சுமக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பேருந்தில் ஏறி ஒத்திகைக்குப் போகிறவருக்கு அது சிறிய விஷயம் அன்று என்பதை மறுக்கவில்லை.

அகலத்தை அளக்கும்போது பிளக்குகளையும் சேர்த்து அளக்க வேண்டும். பெடலின் இரு பக்கமும் துளைகள் இருந்தால், தட்டையான பிளக்குகள் கூட இரண்டு பக்கமும் இடத்தை எடுத்துக்கொள்ளும். சாதாரண வளைந்த பிளக்குகள் இன்னும் அதிகமாக எடுக்கும். துளைகள் எந்தப் பக்கம் உள்ளன என்பதைப் படத்தில் பார்த்து, காகிதத்தில் அதே அளவுக்கு வெட்டிப் பலகையின்மேல் வைத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

உள்ளே இருக்கும் பொறி

மிதிப்பலகையின் அசைவைப் பொட்டென்ஷியோமீட்டரின் சுழற்சியாக மாற்றுவதில் ஒவ்வொரு நிறுவனமும் ஒரு வழி வைத்திருக்கிறது. விபி ஜூனியரில் ஒரு கயிறு பொட்டென்ஷியோமீட்டரின் தண்டைச் சுற்றிச் சென்று ஸ்பிரிங்கால் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கிறது. அசைவு வழுவழுப்பாகவும் அமைதியாகவும் இருக்கும். ஆனால் கயிறு என்றாவது ஒரு நாள் அறுந்துபோகும். அறுந்தால் பெடல் அந்த நொடியில் எந்த நிலையில் இருந்ததோ அங்கேயே நின்றுவிடும். மாற்றுக் கயிறு கிடைக்கிறது, மாற்றுவதும் பொறுமையிருந்தால் வீட்டிலேயே முடியும். டன்லப்பின் வால்யூம் எக்ஸ் வகைகளில் கயிற்றுக்குப் பதிலாக எஃகுப் பட்டை; பல்சக்கரமும் இல்லை, கயிறும் இல்லை. மிதிப்பலகையின் இறுக்கத்தையும் நம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளலாம். ஓர் அளவில் நிறுத்திவிட்டுக் காலை எடுத்துவிடுபவர்களுக்கு இந்த இறுக்கம் பெரிய உதவி, ஏனென்றால் தளர்ந்த பெடல் மேடையின் அதிர்விலேயே மெல்ல நகர்ந்துவிடும். ஒலியை 'வா' என்று வளைக்கும் வா பெடல்களில் உள்ள பல்சக்கர அமைப்பு உறுதியானது, ஆனால் சற்றே கரடுமுரடான அசைவைத் தரக்கூடும்.

எந்த வழியானாலும் பொட்டென்ஷியோமீட்டர் தேயும், தூசி படியும், ஒருநாள் கரகரக்கும். இதைத் தவிர்க்க விரும்புபவர்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. மோர்லி பெடல்கள் ஒளியையும் ஒளியுணர் தடையையும் கொண்டு அளவை மாற்றுகின்றன. ஜெர்மனியின் லேலே நிறுவனம் காந்த உணரியைப் பயன்படுத்துகிறது. இரண்டிலும் சைகைப் பாதையில் தேயும் பாகம் இல்லை, பஃபர் உள்ளேயே இருப்பதால் மேலே சொன்ன இம்பீடன்ஸ் கணக்குகளும் தேவையில்லை. ஆனால் இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். ஐந்து வெளியீடுகள் மட்டுமே உள்ள சிறிய பவர் சப்ளையில் ஒன்றை இதற்கு ஒதுக்க வேண்டும். லேலே விலையிலும் அளவிலும் சிறிய பலகைக்காரர்களுக்கு உரியதன்று. மோர்லியில் சிறிய வகைகள் உண்டு, பஃபர் இல்லாத வரிசை வைத்திருப்பவர்கள் அவற்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

விபி ஜூனியரில் உள்ள ஒரு வசதி, மிதிப்பலகைக்கு அடியில் உள்ள சிறு சுவிட்ச். அதைக் கொண்டு ஒலி எழும் வேகத்தை இரண்டு வகையாக மாற்றிக்கொள்ளலாம். வாங்கிப் பல ஆண்டுகள் ஆகியும் அந்தச் சுவிட்ச் இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஸ்வெல் வாசிப்பவருக்கு அது வீண் அலங்காரம் இல்லை.

இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகச் செய்பவை

இடம் குறைவு என்றாலே ஒரே பெடலில் வால்யூமும் வாவும் எக்ஸ்பிரஷனும் (வேறொரு கருவியின் அமைப்பைக் காலால் மாற்றுவது) சேர்ந்து கிடைக்கும் ஹோட்டோன் சோல் பிரெஸ் போன்றவை ஈர்க்கும். அளவில் அவை மிகச் சிறியவை, விலையும் எட்டக்கூடியது. ஒரு தடை மட்டும் நிரந்தரமாக இருக்கிறது: பெடல் ஒன்று என்பதால் வரிசையில் அதன் இடமும் ஒன்றே. வா ஓவர்டிரைவுக்கு முன்னால் இருப்பதே பெரும்பாலானோர் விரும்புவது. ஸ்வெல்லுக்கான வால்யூம் ஓவர்டிரைவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். டிரைவே பயன்படுத்தாமல் தெளிந்த ஒலியில் மட்டும் வாசிப்பவருக்கு இந்தத் தடை பொருட்டில்லை.

பல பெடல்களின் வேலையை ஒரே பெட்டியில் செய்யும் மல்டி எஃபெக்ட்ஸ் வைத்திருப்பவர்களின் நிலை முற்றிலும் வேறு. லைன் 6 நிறுவனத்தின் ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் போன்ற கருவியில் எக்ஸ்பிரஷன் பெடலுக்கான துளை உண்டு. ஒலிச்சைகை அந்தப் பெடலுக்குள் போவதே இல்லை, பெடலின் நிலை மட்டுமே கருவிக்குத் தெரிவிக்கப்படுகிறது, ஒலியைக் கூட்டிக் குறைப்பது கருவிக்குள் நடக்கிறது. எனவே மங்கல் இல்லை, இம்பீடன்ஸ் குழப்பம் இல்லை, வால்யூமை வரிசையில் எந்த இடத்திலும் வைத்துக்கொள்ளலாம், பாட்டுக்குப் பாட்டு மாற்றவும் செய்யலாம். இவர்கள் வால்யூம் பெடல் வாங்கக் கூடாது. எக்ஸ்பிரஷன் பெடல்தான் வாங்க வேண்டும். பாஸ் நிறுவனத்தில் எஃப்வி-30 வால்யூம் பெடல், ஈவி-30 எக்ஸ்பிரஷன் பெடல். பெயர்கள் நெருக்கமானவை, இணையத்தில் வாங்குபவர் இருமுறை படித்துவிட்டுப் பணம் செலுத்துவது நல்லது. இரண்டு வேலைக்கும் ஒரே பெடல் வேண்டும், இன்று பெடல் வரிசை, நாளை மல்டி எஃபெக்ட்ஸ் என்று மாறக்கூடும் என்பவர்களுக்கு டன்லப் வால்யூம் எக்ஸ் மினி பொருத்தமானது, ஏனென்றால் அதை எந்த வேலைக்கும் மாற்றிக்கொள்ளலாம். பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர் போன்றவற்றில் பெடல் உடலிலேயே பொருத்தப்பட்டிருப்பதால் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எனவே எதை வாங்குவது

ஸ்வெல்தான் முதன்மையான தேவை என்றால், பலகையில் இடமில்லாவிட்டாலும் விபி ஜூனியரை வாங்கித் தரையில் வைப்பதையே நான் தேர்வேன். முன்னால் பஃபர் இருந்தால் 25 கிலோ ஓம் வகை, கிட்டாரிலிருந்து நேரடியாக என்றால் 250 கிலோ ஓம் வகை. பலகைக்குள் எல்லாம் அடங்கியே தீர வேண்டும், ஸ்வெல்லும் வேண்டும், மெட்ரோ 16 அளவுள்ள பலகை இருக்கிறது என்றால் பாஸ் எஃப்வி-30 வகை நடுவழி; அலுமினிய வார்ப்பு உடல், கயிற்றுப் பெடலைவிடக் குறைந்த எடை, முழுப் பாதம் படியாவிட்டாலும் பெரும்பகுதி படியும் நீளம். பஃபருக்குப் பின்னால், டிலேக்கு முன்னால் வைப்பதாயின் எல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். கிட்டாருக்கானது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதால் ஹெச் வகைதான் சரி என்று எண்ணிவிட வேண்டாம். பாடகருக்கு இடம் கொடுத்து ஒலியைச் சற்று ஏற்றி இறக்குவது, வைத்த அளவில் அப்படியே நிற்பது, அவ்வப்போது எக்ஸ்பிரஷன் பெடலாகவும் உதவுவது ஆகியவை போதும் என்பவர்களுக்கு டன்லப் மினியை மிஞ்ச இந்தக் கூட்டத்தில் வேறொன்று இல்லை. அதன் குறுகிய பயணம் இத்தகைய வேலையில் குறையே ஆகாது. சொல்லப்போனால் பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு ஒரு சிறு அசைவில் வேலை முடிவது நன்மை.

இன்னும் ஒரு வழி உண்டு, செலவில்லாதது. ஸ்ட்ராடோகாஸ்டரில் வால்யூம் குமிழ் தந்திகளுக்கு மிக அருகில் இருப்பதால் வலது கையின் சுண்டுவிரலாலேயே ஸ்வெல் செய்யலாம். லெஸ் பால் வகையில் குமிழ்கள் தள்ளி இருப்பதால் அது கடினம். விரலால் செய்யும்போது டிரைவின் முறுக்கும் சேர்ந்து மாறும் என்பதுதான் கட்டுப்பாடு. தெளிந்த ஒலியோடு டிலே மட்டும் வைத்திருப்பவர்கள் பெடல் வாங்குமுன் ஒரு மாதம் இதைப் பழகிப் பார்க்கலாம்.

வாங்கும்போது கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. தன் கிட்டாரையும் வழக்கமாகப் பயன்படுத்தும் நீளமான கேபிளையும் எடுத்துச் செல்ல வேண்டும். கடையின் ஒரு மீட்டர் கேபிளில் எந்தப் பெடலும் நன்றாகவே ஒலிக்கும். உட்கார்ந்து பார்க்காமல் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்று, அணியப்போகும் காலணியோடு மிதிக்க வேண்டும். முழுவதும் மூடிய நிலையில் ஒலி அறவே நிற்கிறதா, பாதி திறந்த நிலையில் ட்ரெபிள் எவ்வளவு குறைகிறது, காலை எடுத்தால் மிதிப்பலகை நின்ற இடத்தில் நிற்கிறதா என்ற மூன்றையும் பார்த்துவிட வேண்டும். பழைய பெடலாக இருந்தால் ஆம்பைச் சற்று உயர்த்தி, தந்தியைத் தொடாமல் பெடலை மட்டும் மெல்ல ஆட்டிக் கேட்க வேண்டும். கரகரப்பு வந்தால் பொட்டென்ஷியோமீட்டரைத் துப்புரவு செய்யவோ மாற்றவோ ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துப் பேசலாம். கயிற்றுப் பெடலாயின் அடிமூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லிக் கயிற்றில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு விற்பவர் மறுக்க மாட்டார். மறுத்தால் வேறு பெடலைப் பார்க்கலாம்.